பிமலாவின் இரண்டு பூஜைகள்

பிமலா யாரைக் காதலித்தாள்? கணவன் நிகிலேஷையா, அவனுடைய நண்பன் சந்தீப்பையா? ரவீந்திரநாத் தாகூரின் 'கரே பாய்ரே' நாவலை முடித்துவிட்டு மூடி வைக்கும் எவருக்கும் எழுகிற கேள்வி இது. ஒரு பெண், இரண்டு ஆண்கள் என்றாலே வாசக மனம் தராசை எடுத்துக்கொள்கிறது. ஒரு தட்டில் நல்லவன், மறு தட்டில் கவர்ச்சிக்காரன். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் நாவலில் முதலில் வாய் திறப்பவள் பிமலாதான். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால், அவளை அலைக்கழிப்பது வேறொரு கேள்வி என்பது தெரியும். காதல் என்பது தொழுவதா, தொழப்படுவதா? திருமணமாகி வந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் அவள் தொழுதாள். பிறகு சில மாதங்கள் தொழப்பட்டாள். இரண்டும் பூஜைதான், இரண்டிலும் காதலுக்கு இடமில்லை என்பது அவளுக்குப் புரியும்போது வாசலில் கலவரம் வந்துவிடுகிறது.

'கரே பாய்ரே' என்றால் வீட்டிலும் வெளியிலும் என்று பொருள். பிரமத சௌதுரி நடத்திய 'சபுஜ் பத்ர' இதழில் 1915-16-ல் தொடராக வந்து, 1916-ல் புத்தகமானது. நோபல் பரிசு கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை தம் நாவல்களை இலக்கண நடையில் எழுதிவந்த தாகூர், முதல் முறையாகப் பேச்சு வழக்கை ஒட்டிய வங்காளியில் எழுதிய நாவல் இது. அதற்குத் தேவையும் இருந்தது. கதையைச் சொல்ல ஆசிரியர் இல்லை. பிமலா, நிகிலேஷ், சந்தீப் மூவரும் மாறி மாறித் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். ஒரே சம்பவம் மூன்று மனங்களில் மூன்று விதமாக விழுகிறது.

காலம், கர்சன் பிரபு 1905 அக்டோபரில் வங்கத்தை இரண்டாகப் பிரித்ததைத் தொடர்ந்து எழுந்த சுதேசி இயக்கத்தின் காலம். இடம், வங்கத்தின் உள்நாட்டில் ஒரு ஜமீன் வீடு.

பிமலாவின் பேச்சு அம்மாவின் நினைவோடு தொடங்குகிறது. அம்மாவின் வகிட்டுக் குங்குமம், சிவப்புக் கரை வைத்த புடவை, அமைதியான கண்கள். அம்மா மாநிறம். பிமலாவும் அப்படியே. அழகி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. ஜமீன் வீட்டுக்கு மருமகளாக வந்ததும் அழகால் அல்ல. உத்தம மனைவிக்குரிய லட்சணங்கள் இருப்பதாக ஜோசியர் சொன்னதால். இந்தச் சின்னத் தகவலைத் தாகூர் சும்மா வைக்கவில்லை. அழகில்லாத பெண் அந்தப் பெரிய வீட்டில் எதை வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடப்பாள்? பக்தியை வைத்துக்கொண்டுதான். அவளுடைய சொத்து அதுதான்.

அதிகாலையில் கணவன் கண் விழிப்பதற்கு முன் எழுந்து, சத்தமில்லாமல் அவன் பாதங்களைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறாள். கணவனைத் தொழும் மனைவி பெய் என்றால் மழை பெய்யும் என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு நாள் நிகிலேஷ் விழித்துக்கொள்கிறான். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. புண்ணியம் சேர்ப்பதற்காகச் செய்கிறாள் என்று நினைத்துவிடுவானோ என்று கூசிப்போகிறாள். புண்ணியத்துக்காக இல்லை, தொழாமல் காதலிக்க அவளுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். பெண்ணின் காதல் தொழுவதன் மூலமே நிறைவடைகிறது, பதிலுக்கு எதையும் கேட்காதபோதுதான் அது பெரிதாகிறது என்று அவள் நம்புகிறாள்.

நிகிலேஷுக்கு இந்தத் தொழுகை வேண்டாம். எம்.ஏ. படித்தவன். அவனுடைய அண்ணன்மார் இருவரும் ஜமீன் வம்சத்து வழக்கப்படி குடித்துக் கெட்டு இளம் வயதில் செத்துப்போனவர்கள். இவன் குடிப்பதில்லை, வெளியே போவதில்லை. மனைவிக்குப் புதிய பாணி ரவிக்கைகள் வாங்கித் தருகிறான். கில்பி என்ற ஆங்கிலேய ஆசிரியையை வைத்துப் படிக்க வைக்கிறான். அந்தப்புரத்தை விட்டு வெளியே வா என்று கூப்பிடுகிறான். நான்கு சுவருக்குள் இருக்கும் வரை அவள் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. உலகத்தைப் பார்த்த பிறகும் தன்னிடம் வந்தால்தான் அது காதல் என்பது அவன் கணக்கு.

பிமலாவுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. வெளியே எனக்கு என்ன வேலை என்று கேட்கிறாள். இரண்டு விதவை ஓரகத்திகள் இருக்கும் வீட்டில், கணவனின் அன்பைப் பெற்ற ஒரே மருமகள் அவள். கல்கத்தாவுக்குக் குடிபோகலாம் என்று நிகிலேஷ் சொன்னபோது அவள் மறுத்ததற்குக் காரணம் இந்த அதிகாரத்தை ஓரகத்திகளிடம் விட்டுவிட்டுப் போக மனம் வராததுதான். அந்தப்புரம் அவளுக்குச் சிறை மட்டும் அல்ல, சிம்மாசனமும்கூட. நிகிலேஷ் அதைப் பார்க்கத் தவறுகிறான்.

அவனிடம் இன்னொரு குறையும் அவளுக்குத் தென்படுகிறது. அவன் மிகவும் நல்லவன். ஓரகத்திகளின் குத்தல் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறான். யாரையும் அதட்டுவதில்லை. கொஞ்சம் நல்லவனாக இல்லாமல் இருக்கும் தைரியம் இவருக்கு இருக்கக்கூடாதா என்று அவள் ஏங்குகிறாள். இந்த ஏக்கத்தைப் படித்துவிட்டு முகம் சுளிப்பது எளிது. ஆனால் தொழுகிறவளுக்குத் தெய்வம் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைத் தொழாதே, நாம் இருவரும் சமம் என்று சொல்லும் தெய்வத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

இந்தச் சமயத்தில்தான் சந்தீப் வருகிறான். அவனுடைய புகைப்படத்தை முன்பே அவள் பார்த்திருக்கிறாள். அழகன்தான், ஆனால் அந்த முகத்தில் மட்டமான உலோகம் அதிகம் கலந்திருப்பதாக அப்போதே பட்டது. நண்பன் என்ற பெயரில் கணவனிடம் பணம் கறக்கிறான் என்ற எரிச்சலும் இருந்தது. பிமலாவை ஏமாந்த பெண் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் முதலிலேயே சரியாகப் பார்த்தவள். பார்த்ததை மறந்ததுதான் கதை.

வீட்டுக் கோயில் மண்டபத்தில் சந்தீப் சுதேசிப் பிரசங்கம் செய்கிறான். பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். பேச்சின் வேகத்தில் பிமலா தன்னை அறியாமல் திரையை விலக்கிவிடுகிறாள். சந்தீப்பின் கண்கள் அவள் முகத்தில் வந்து நிற்கின்றன. அந்தக் கணத்தில் அவள் ஜமீன் வீட்டு மருமகளாக இல்லை. வங்கத்துப் பெண்குலத்தின் ஒரே பிரதிநிதி என்று தன்னை உணர்கிறாள். மறுநாள் அவனை விருந்துக்கு அழைக்கச் சொல்கிறாள். தலைக்குக் குளித்து, கூந்தலைச் சிவப்புப் பட்டு நாடாவால் கட்டி, தங்கக் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு வருகிறாள். ஓரகத்தி பார்த்துச் சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு நடப்பது இரண்டாவது பூஜை. இந்த முறை பீடத்தில் இருப்பவள் அவள். சந்தீப் அவளை ராணித் தேனீ என்று அழைக்கிறான். தேசத்தின் சக்தி வடிவம் என்கிறான். எதைச் செய்வதானாலும் அவளிடம் யோசனை கேட்கிறான். அவள் சொல்கிற சாதாரண வார்த்தையிலும் யாருக்கும் தோன்றாத பொருள் இருப்பதாக வியக்கிறான். பக்தியைத் தவிர வேறு சொத்தில்லை என்று நினைத்திருந்தவளுக்கு, பக்தர்கள் கிடைத்துவிடுகிறார்கள். தான் அழகாகிவிட்டதாகவே அவளுக்குத் தோன்றுகிறது.

சந்தீப் தன் முறை வரும்போது எழுதுவதை வாசகன் படிக்கிறான். பிமலாவால் படிக்க முடியாது. எது கைக்கு எட்டுகிறதோ அது என்னுடையது, ஆசையை மறைப்பவன் கோழை என்பது அவன் சித்தாந்தம். வரவேற்பறையில் நிகிலேஷின் படத்தோடு சேர்த்து வைத்திருந்த பிமலாவின் படத்தை எடுத்துக்கொள்கிறான். இராவணன்தான் உண்மையான வீரன் என்கிறான். சீதையை அசோகவனத்தில் வைத்துக் காத்திருந்தது மட்டுமே அவன் செய்த பிழையாம். இத்தனைக்கும் நடுவே, கைநீட்டி எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் தனக்கும் தயக்கம் வருகிறது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தாகூர் அவனை முழு வில்லனாக்காமல் விட்டது இந்த இடத்தில்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் பூஜையில் பிமலா நிகிலேஷைப் பார்க்கவில்லை, தெய்வத்தைப் பார்த்தாள். இரண்டாவது பூஜையில் சந்தீப் பிமலாவைப் பார்க்கவில்லை. தேசத்தையும் தன் ஆசையையும் பார்த்தான். தொழுகிற கண்ணுக்கு எதிரில் இருக்கிற ஆள் தெரிவதில்லை. ஒன்பது ஆண்டுகள் தான் செய்ததை இப்போது தனக்கே ஒருவன் செய்கிறான் என்பது பிமலாவுக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம், தொழப்படுவது அவ்வளவு இனிப்பாக இருக்கிறது.

நிகிலேஷ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். படுக்கையறையில் அவனுடைய படத்துக்கு முன் பிமலா தினமும் பூ வைப்பது வழக்கம். ஒரு நாள் அங்கே போகிறவன், கடைசியாக வைத்த பூக்கள் காய்ந்து கறுத்துக் கிடப்பதைப் பார்க்கிறான். தூக்கிப்போடக்கூட யாருக்கும் நினைவில்லை. தொழாதே என்று சொன்னவனுக்கு, தொழுகை நின்றுபோன இடம் இப்படி வலிக்கிறது.

அப்போது அவன் தன்னையே விசாரிக்கிறான். பிமலாவோடு தன் உறவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று துல்லியமான ஒரு வார்ப்பைச் செய்து, அதற்குள் அவளை ஊற்றப் பார்த்ததில் கொடுங்கோன்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறான். நாவலில் இதைவிட நேர்மையான இடம் இல்லை. முற்போக்கான கணவன், மனைவியைப் படிக்க வைத்தவன், வெளியே வரச் சொன்னவன். அவனும் ஒரு சிலையைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய சிலைக்குப் பெயர் சுதந்திரமான மனைவி.

ஒரு நாள் தோட்டத்தில் அவளைச் சந்தித்து, உனக்கு விடுதலை என்று சொல்லிவிடுகிறான். வெறுத்துச் சொல்லவில்லை, கட்டிப்போட உரிமையில்லை என்று உணர்ந்து சொல்கிறான். பிமலாவின் பதில் அவளுடைய பகுதியில் வருகிறது. விடுதலை என்பது அத்தனை சுலபமாகக் கொடுத்து வாங்குகிற பொருளா என்று அவள் கேட்கிறாள். மீனைப் பிடித்து ஆகாயத்தில் விட்டது போலிருக்கிறது அவளுக்கு. தன்னைச் சுற்றி இருந்து தாங்கிய நீர்தான் காணாமல் போயிற்று.

அழைத்துச் சென்றதும் நிகிலேஷ், அனுப்பி வைப்பதும் நிகிலேஷ். நடுவில் அவள் கேட்டு வாங்கியது எதுவும் இல்லை. கொடுப்பவன் கை மேலேயும் வாங்குபவள் கை கீழேயும் இருக்கும் வரை, கொடுக்கப்படும் பொருள் சுதந்திரம் என்றாலும் அது தானம்தான். மனைவியை வேலைக்கு அனுப்புகிறேன், சுதந்திரம் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையோடு சொல்லும் நல்ல கணவர்கள் இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் நிகிலேஷின் அந்தப் பக்கத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

தமிழில் படிப்பவருக்கு இந்த நாவலின் பெயரே ஒரு பழைய பாகுபாட்டை நினைவூட்டும். வீடு, வெளி, அகம், புறம். அகப்பாட்டில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது மரபு. புறத்தில் அரசனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, போர் உண்டு. சந்தீப் செய்தது, அகத்தில் இருந்தவளைத் தூக்கி அவளுக்கு வங்கம் என்று புறத்தின் பெயரைச் சூட்டியது. அவளுக்கென்று இருந்த பெயர் அதில் அமுங்கிப்போனது.

தொல்காப்பியம் ஒருதலை அன்பைக் கைக்கிளை என்றும், பொருந்தா அன்பைப் பெருந்திணை என்றும் ஒதுக்கிவிட்டு, இருவரும் ஒத்த அன்பை நடுவில் வைக்கிறது. தலைவனும் தலைவியும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும் என்று களவியலில் சொல்கிறது. சொன்ன கையோடு, தலைவன் சற்று உயர்ந்தவனாக இருந்தால் தடையில்லை என்று சலுகையும் தருகிறது. அந்த வகுப்பை ஒரு வங்க ஜமீன் வீட்டில் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் அந்தச் சலுகை எத்தனை பழையது, எத்தனை தூரம் பரவியது என்பதைப் பிமலாவின் அதிகாலைகள் காட்டுகின்றன. நிகிலேஷ் அந்தச் சலுகை தனக்கு வேண்டாம் என்கிறான். அவளோ அதை விட்டால் தனக்குப் பிடிமானம் இல்லை என்று தவிக்கிறாள்.

பூஜை என்றால் காணிக்கை இருக்க வேண்டும். சந்தீப் இயக்கத்துக்குப் பணம் கேட்கிறான். முதலில் ஐம்பதாயிரம் என்கிறான், பிறகு ஐயாயிரத்துக்கு இறங்குகிறான். தெய்வம் இல்லை என்று சொல்ல முடியுமா? வீட்டு இரும்புப் பெட்டியில் ஓரகத்திகளுக்கென்று நிகிலேஷ் எடுத்து வைத்திருந்த பணம், ஆறாயிரம் ரூபாய் மதிப்புள்ள தங்க நாணயங்களாக இருக்கிறது. கணவனின் சாவியை எடுத்து, இரவில் பெட்டியைத் திறக்கிறாள். திருடிய கையோடு அவளுக்கு ஒன்று விளங்குகிறது. வீட்டைக் கொள்ளையடித்தது தேசத்தைக் கொள்ளையடித்தது போலத்தான். வீடு வேறு, தேசம் வேறு என்று இத்தனை நாள் அவளை நம்பவைத்திருந்த பேச்சு அந்த இரவில் உதிர்ந்துபோகிறது.

தங்கத்தைக் கண்டதும் சந்தீப்பின் முகம் மாறுகிறது. தேசம், சக்தி, தேவி எல்லாம் மறந்து, பறந்து வருகிறான். பழைய புகைப்படத்தில் அவள் கண்ட மட்டமான உலோகம் இப்போது எதிரில் நிற்கிறது.

அங்கே இன்னொருவனும் இருக்கிறான். அமூல்யன், சந்தீப்பின் சீடன், மீசை முளைக்காத பையன். பிமலாவை அக்கா என்று கூப்பிடுகிறான். பணம் வேண்டும் என்று அவள் சொன்னபோது, காசாளரைக் கொன்றாவது எடுத்து வருகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னவன். ஆன்மாவுக்கு அழிவில்லை என்று கீதையைத் துணைக்கு அழைக்கிறான். அந்த வயதான காசாளருக்கு மனைவி, குழந்தைகள் இருப்பதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. வரவேற்பறையில் தானும் சந்தீப்பும் ரசித்துப் பேசிய வார்த்தைகள் ஒரு குழந்தையின் வாயிலிருந்து இப்படி வெளிவருவதைக் கேட்டு பிமலா நடுங்கிப்போகிறாள். அவனிடமிருந்த கைத்துப்பாக்கியைத் தம்பி தரும் காணிக்கை என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

பிமலாவின் காதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமூல்யனை விட்டுவிடுவது வழக்கம். அவனிடம் அவளுக்கு இருந்தது காதல் இல்லை, அக்காவின் பாசம். ஆனால் அவள் மனம் திருந்துவதற்கான வழி அவன் மூலமாகத்தான் திறக்கிறது. அவனைத் தொழ வேண்டியதில்லை. அவனால் தொழப்படுவதிலும் அவளுக்கு இப்போது ருசியில்லை. இவன் உயிரோடு இருக்க வேண்டும், இவன் கை கறைபடக்கூடாது, அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. இன்னொருவரை அவருக்காகவே பார்ப்பது எப்படி என்பதை அவள் கற்றுக்கொண்டது அந்தப் பையனிடம்தான். அங்கே கற்றதைக் கொண்டுதான் கணவனைப் புதிதாகப் பார்க்கிறாள்.

பார்த்தபோது தெரிவது தெய்வம் அல்ல. சுதேசி என்ற சொல் பரவுவதற்கு முன்பே உள்நாட்டுப் பென்சிலைச் சீவி எழுதியவன். நாணல் பேனாவும் ஆமணக்கெண்ணெய் விளக்குமாகக் கேலிக்கு ஆளானவன். உள்ளூர்த் தொழில்களில் பணத்தைப் போட்டு நஷ்டப்பட்டவன். அன்றைக்கு அவளுக்கு இதெல்லாம் சப்பென்று இருந்தது. அன்னியத் துணிகளைக் கொளுத்த வேண்டும் என்று அவள் துடித்தபோது, வேண்டாம் என்றால் உடுத்தாமல் இரு, கொளுத்துவானேன் என்று அவன் கேட்டான். அது அவளுக்குக் கோழைத்தனமாகப் பட்டது.

அதற்கான விலையை வெளியே வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு என்ற ஏழைக் குடியானவனின் சரக்கு அன்னியத் துணி என்பதால் கொளுத்தப்படுகிறது. மலிவான வெளிநாட்டுத் துணியை விற்றும் வாங்கியும் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கிழக்கு வங்கத்தில் முஸ்லிம்கள். தன் ஜமீன் சந்தையில் அந்தச் சரக்கைத் தடை செய்ய நிகிலேஷ் மறுத்துவிடுகிறான். தேசத்துரோகி என்ற பெயர் கிடைக்கிறது. தாகூர் இதை வெறும் கற்பனையாக எழுதவில்லை. 1905-ல் ஊர்வலத்தில் நடந்து ராக்கி கட்டி, பாட்டுகள் எழுதி இயக்கத்தில் முன்னால் நின்றவர் அவர். கட்டாயப் புறக்கணிப்பும் வகுப்புப் பகையும் வளர்வதைக் கண்டு விலகிக்கொண்டார். 1907-ல் மைமன்சிங் மாவட்டத்து ஜமால்பூரில் கலவரமே வெடித்தது. நாவலின் கடைசிப் பக்கங்களில் எரிவது அந்த நெருப்புதான்.

சந்தீப் ரயிலேறிப் போய்விடுகிறான். கலவரத்தை நிறுத்த நிகிலேஷ் ஆயுதம் இல்லாமல் குதிரையில் போகிறான். அமூல்யனும் போகிறான். அதற்கு முன் பிமலா கணவனின் பாதங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஒன்பது ஆண்டுக்காலப் பழைய செய்கைதான். ஆனால் அன்று அவன் தூங்கிக்கொண்டிருந்தான், இப்போது விழித்திருக்கிறான். அன்று அவள் தெய்வத்தைத் தொட்டாள், இப்போது தன்னால் புண்பட்ட மனிதனைத் தொடுகிறாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுக்கிறான். இருவரும் சமமாக உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய வாழ்க்கை அந்த இடத்தில் தொடங்கியிருக்கலாம்.

தொடங்க நேரமில்லை. பிமலா ஜன்னலோரம் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தூரத்தில் விளக்குகள் வருகின்றன. பல்லக்கில் நிகிலேஷ், தலையில் பலத்த காயத்தோடு. பிழைப்பானா என்றால் டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. அமூல்யன் மார்பில் குண்டு பாய்ந்து இறந்துவிட்டான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

முடித்தவர்கள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். எல்லாம் நடந்து முடிந்த பிறகு பேசுகிறவள் அம்மாவின் வகிட்டுக் குங்குமத்தை ஏன் முதலில் நினைக்கிறாள் என்பதற்கு ஒரு காரணம் தோன்றும். தாகூர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பதேர் பாஞ்சாலிக்கு முன்பே, 1940-களிலேயே இந்த நாவலுக்குத் திரைக்கதை எழுதிப் பார்த்தவர் ராய். 1984-ல் படமாக்கியபோது சொல்லிவிட்டார். நிகிலேஷ் இறக்கிறான், பிமலா விதவைக் கோலத்துக்கு மாறும் முகத்தோடு படம் முடிகிறது. இரண்டில் தாகூரின் முடிவே கடுமையானது. தண்டனை என்று ஒன்று விழுந்துவிட்டால் வாசகன் நிம்மதியாக எழுந்து போய்விடுவான். தாகூர் அவனை அந்த ஜன்னலோரத்தில் பிமலாவோடு உட்கார வைத்துவிடுகிறார்.

நாவல் வந்த காலத்தில் கிளம்பிய எதிர்ப்புகள் விசித்திரமானவை. சீதையை இழிவுபடுத்திவிட்டார் என்று வங்கத்தில் கொதித்தார்கள். பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா என்று தாகூர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய அண்ணன் மகன் சுரேந்திரநாத் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1919-ல் வந்தது. ஹங்கேரிய மார்க்சிய விமர்சகர் ஜார்ஜ் லூகாச் 1922-ல் பெர்லினில் வெளியான மதிப்புரையில், சந்தீப் காந்தியைப் பழிக்கும் கேலிச்சித்திரம் என்று சாடினார். தொடர் வெளிவரத் தொடங்கிய 1915-ல்தான் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்து சேர்ந்திருந்தார் என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை.

ஒரு தரப்பு பெண்ணின் மானத்தைக் காக்கக் கிளம்பியது, மறு தரப்பு தேசத்தின் மானத்தை. இரண்டுமே பிமலாவை அடையாளமாக்கின. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க யாருக்கும் அவகாசம் இல்லை. வீட்டுக்குள் அவளை உத்தமியாகவும், வெளியில் பாரத மாதாவாகவும் பார்த்த இருவரைப் போலத்தான் விமர்சகர்களும் நடந்துகொண்டார்கள்.

பிமலா யாரைக் காதலித்தாள் என்று கேட்பதும் அதே வழக்கத்தின் மிச்சம்தான். யாருக்குச் சொந்தம் என்று தீர்மானித்துவிட்டால் அவளைப் பற்றி யோசிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. தொழாமலும் தொழப்படாமலும் ஒருவரோடு வாழ்வது எப்படி என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு விடை காண அவளுக்கு ஒரே ஒரு மாலைப் பொழுதுதான் கிடைத்தது. படிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் இருக்கிறது.